டீச்சர் போகிற மினி பஸ்

எங்கள் பேரூராட்சியின் நுழைவு வளைவைப் பார்த்தால் பெரிய ஊர் என்று நினைத்துவிடுவீர்கள். வளைவைத் தாண்டினால் வயலும் தோப்புமாக ஏழெட்டுக் கிராமங்கள் சிதறிக் கிடக்கும். மலையடிவாரத்தில் இருக்கிற கடைசிக் கிராமம் எங்களுடையது. பாதிப்பேர் வளைகுடாவிலும் கோயம்புத்தூரிலும் பிழைக்கிறார்கள், மீதிப்பேரிடம் பைக் இருக்கிறது. தென்காசி போகும் மினி பஸ் எங்கள் ஊரில் திரும்பி, பெரும்பாலும் காலியாகவே போகும். நாங்கள் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

போன குற்றால சீசன் தொடக்கத்தில் டிரைவர் ஒரு குண்டைப் போட்டார். "அண்ணாச்சி, ஆளு ஏறலன்னா வண்டிய குத்தாலம் பக்கம் மாத்திருவாங்க. நாளைக்கு காலைல ஒரு ஆபீசர் பாக்க வாராரு."

அடுத்த கிராமத்தில் தனியாக இருக்கிற என் மதினிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. அண்ணன் குவைத்தில். வாரம் இரண்டு நாள் தென்காசி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பைக்கில் பின்னால் உட்காரத் தெம்பில்லை, அந்த பஸ்தான் கதி. எங்கள் ஊர் பால்வாடியில் வெகுகாலம் டீச்சராக இருந்தவர். இன்று ஊரில் மீசையை முறுக்கித் திரிகிறவர்களில் பாதிப்பேருக்கு மூக்கைத் துடைத்துவிட்டவர் அவர்தான்.

டீக்கடையில் சொன்னேன். மறுநாள் காலை ஊரே பஸ்ஸுக்கு வந்துவிட்டது. ஒருவர் எங்கே போவதாகக் காட்ட நினைத்தாரோ, மண்வெட்டியோடு ஏறினார். படிக்கட்டிலும் தொங்கினார்கள். முன்சீட்டில் இருந்த ஆபீசருக்கு மூச்சு முட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கிராமத்தில், சாரலில் குடையைப் பிடித்தபடி மதினி நின்றிருந்தார். கால் வைக்க இடமில்லை. யாருக்காக பஸ்ஸை நிரப்பினோமோ அவருக்கு ஒரு சீட் விடவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர யாராலும் இப்படிச் செய்ய முடியாது.

படிக்கட்டில் நின்றவர் இறங்கினார். டீச்சருக்கு நெரிசல் ஆகாதே என்று இன்னொருவர் இறங்கினார். அப்படியே ஒவ்வொருவராக இறங்க, ஆபீசர் மட்டும் உள்ளே இருந்தார்.

மதினி பதறிவிட்டார். "ஏலே, எதுக்குலே எறங்குதிய? வண்டி காலியா இருந்தா நிப்பாட்டிருவாங்கல்லா! ஏறுங்கலே. நான் இன்னைக்குப் போகல." சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினார். ஒரு தடவை தவறினாலும் அவருக்கு மூச்சுத் திணறும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆபீசர் இறங்கி வந்தார். "நீங்கல்லாம் எங்கதான் போறீங்க?"

மண்வெட்டிக்காரர் வாயைத் திறந்தார். "எங்களுக்கு ஒரு சோலியும் இல்ல சார். டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போவணும். அதான் வந்தோம்."

அந்த மண்வெட்டியைப் பிடுங்கி அவர் மண்டையிலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது. ஆபீசர் மதினியைக் கூப்பிட்டு, பையை வாங்கிக்கொண்டு ஏறச் சொன்னார். பஸ் இரண்டே பேரோடு போனது. நாங்கள் நனைந்துகொண்டு, வழிநெடுக அந்த மண்வெட்டிக்காரரைத் திட்டியபடி ஊருக்கு நடந்தோம்.

அடுத்த வாரமே பஸ்ஸின் மத்தியான நடையும் ராத்திரி நடையும் குற்றாலத்துக்குப் போய்விட்டன. மதினி போகிற நடையும் திரும்புகிற நடையும் மட்டும் மிஞ்சின. தெருவிளக்கு ஒன்று எரியாவிட்டாலும் மனுவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊரில், இதற்கு இன்றுவரை ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை.