பழைய தண்ணீரைக் கொட்டினேன்

காலி டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம் இருக்கிறதே... முதலில் டமடமவென்று தெருவையே கூட்டும். பாதி நிறைந்ததும் அடங்கும். கழுத்து வரை வந்துவிட்டால் சத்தமே இருக்காது. அடுக்களையில் நின்றபடியே, எப்போது ஓடிப்போய் ஹோஸை மாற்ற வேண்டும் என்று காதை வைத்தே சொல்லிவிடுவோம். சிங்காநல்லூரில் நான் வளர்ந்ததே அந்தச் சத்தத்தில்தான்.

எட்டு நாளைக்கு ஒரு முறைதான் நல்ல தண்ணீர். வருகிற அன்று, மிச்சமிருக்கும் பழைய தண்ணீரை வாசலில் கொட்டி, டிரம்மைத் தேய்த்துக் கழுவி, புதுசு பிடிப்போம். பழசும் புதுசும் கலக்கக் கூடாது. அது அம்மாவின் சட்டம்.

நேற்று நம் நர்சிங் பேட்ச் குரூப்பில் கருமத்தம்பட்டி சாந்தி கேட்டிருந்தாள். "அடுத்த மாசம் கரீபியன் தீவுல வேலைக்குச் சேரோணும். என்னென்ன கொண்டு போறது, சொல்லுங்க கண்ணுகளா."

ஊறுகாய், குக்கர், சாம்பார் பொடி என்று ஆளாளுக்கு லிஸ்ட் போட்டுவிட்டீர்கள். அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆனால் என்னால் லிஸ்ட் போட முடியவில்லை...

நான் இருந்த தீவில் ஆறு கிடையாது, குளம் கிடையாது. கூரையில் விழும் மழை, குழாய் வழியாக இறங்கி வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டியில் சேரும். மோட்டார் அதைக் குழாய்க்கு ஏற்றும். அவ்வளவுதான் தண்ணீர். நான் குடியிருந்தது மார்வா வீட்டின் பின்னறையில். அவளுக்கும் என் வயதுதான். பின்கட்டில் அடுப்பு வைத்து ரொட்டி சுட்டு விற்கிறவள். தொட்டி எங்கள் இருவருக்கும் பொது.

"தண்ணியை மட்டும் பார்த்துச் செலவு பண்ணு" என்று முதல் நாளே சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கோயமுத்தூர்க்காரிக்கே தண்ணீர்ப் பாடமா?

அன்றைக்கே இரண்டு டிரம், ஐந்து பக்கெட் வாங்கி, நிரப்பி வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன். போனில் அம்மாவுக்கும் சந்தோஷம். "நல்ல வேலை செஞ்ச கண்ணு. வரும்போதே புடிச்சு வெச்சுப்போடு. எப்ப நிக்குமோ, ஆரு கண்டா" என்றாள்.

வாரத்துக்கு இரண்டு முறை பழைய தண்ணீரைக் கொட்டினேன், கழுவினேன், புதுசு பிடித்தேன். என்னைவிடப் பொறுப்பானவள் அந்தத் தீவிலேயே இல்லை என்று நினைப்பு வேறு.

மூன்றாவது மாதம் மழை நின்றுபோனது. ஐந்து வாரமாகச் சொட்டு இல்லை.

ஒரு நாள் மதியம் டூட்டி முடிந்து வந்தால், மார்வா தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே கொத்தனார் டார்ச் அடித்துச் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். அவர் கால் நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை.

"விரிசல் எதுவும் இல்லை" என்றார் கொத்தனார்.

"ரெண்டு பேர் புழங்கற வீட்டில் இது எப்படிக் காலியாகும்?" என்று மார்வா திரும்பத் திரும்பக் கேட்டாள். தண்ணீர் லாரி வர ஒரு வாரமாகுமாம். மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு அவள் ரொட்டி கொடுத்தாக வேண்டும். மாவு மூட்டை பிரித்தபடி கிடந்தது.

வாரத்துக்கு இரண்டு முறை நான் கொட்டிய தண்ணீர்தான் அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். சொன்னால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாம். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் வேறு அறையே கிடையாது. அறை இல்லாவிட்டால் வேலையும் இல்லை. சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை... எதிரே இரண்டு டிரம்மும் தளும்பத் தளும்ப நின்றன. அன்று காலையில்தான் கழுவிப் பிடித்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து சொல்லிவிட்டேன். நான் படித்த இங்கிலீஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. டிரம்மைச் சாய்ப்பது, கழுவுவது எல்லாம் நடித்துக் காட்டவேண்டியதாயிற்று.

"நல்ல தண்ணியையா கொட்டின? ஏன்?"

"பழசாயிருச்சுங்க..." என்று தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு இங்கிலீஷில் சொன்னேன்.

மார்வா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீ கொட்டினதும் புதுசுன்னு பிடிச்சதும் ஒரே மழைதான். இந்தத் தொட்டியில் இருந்தது எல்லாமே பழசு" என்றாள். அப்புறம், "இப்போ உன் ரூமில் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

பக்கெட் பக்கெட்டாக அவள் அடுப்படிக்குத் தூக்கினோம். சாயங்காலம் முழுக்க நானும் சேர்ந்து மாவு பிசைந்தேன். காலையில் கல்யாண ரொட்டி போய்ச் சேர்ந்தது. காலி பண்ணு என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவே இல்லை. லாரி வரும்வரை நான் அரை பக்கெட்டில் குளித்தேன்.

பத்து நாள் கழித்து மழை வந்தது. மார்வா என் கதவைத் தட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் தொட்டி மூடிமேல் காதை வைத்தோம். உள்ளே டமடம... அப்படியே சிங்காநல்லூர் டிரம் சத்தம். அழுதுவிட்டேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை, ஆனால் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

சாந்தி, ஊறுகாய் தாராளமாக எடுத்துக்கொள். ஆனால் போய் இறங்கியதும், இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேள். நமக்குத்தான் தெரியுமே என்று என்னை மாதிரி இருந்துவிடாதே. தப்பு பண்ணினால் அன்றைக்கே சொல்லிவிடு. அங்கே இருப்பவர்கள் கோபப்படுவார்கள், ஆனால் கைவிட மாட்டார்கள்.

இப்போது நம் ஊரில், எங்கள் தெருவில் புதுக் குழாய் போட்டுவிட்டார்கள். நினைத்த நேரத்தில் தண்ணீர். டிரம்மை எல்லாம் பழைய சாமான்காரருக்குப் போட்டாயிற்று. என் மகன் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறான்.

அங்கே மழை பெய்தால் மார்வா இன்னமும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். பேச்சு இருக்காது, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். போன வாரம் இங்கே நல்ல மழை. நானும் மொட்டை மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதை ரெக்கார்ட் பண்ணி அனுப்பினேன்.

"நல்ல மழை. அது எங்கே போய்ச் சேருது?" என்று கேட்டிருந்தாள்.

சாக்கடைக்கு என்று டைப் பண்ணி, அழித்துவிட்டேன். இன்னும் பதில் போடவில்லை.