ஜமீலா வீட்டு ரேடியோவும் ஒரு வெள்ளி பெல்ட்டும்

எனக்கு எழுபத்தொன்று முடிந்து எழுபத்திரண்டு நடக்கிறது. பெற்றது ஐந்து, தங்கியது நான்கு. நாத்தனார் விட்டுப்போன பெண் ஒன்றையும் சேர்த்து ஐந்தாகவே வளர்த்து ஆளாக்கினேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். இதற்குமேல் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் சின்ன வயது என்றதும் முதலில் வருவது நனைந்த பீடி இலையின் வாசனை. முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து, ஈரச் சாக்கில் சுற்றிவைத்த இலைக்கட்டைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வரும், மழை பெய்து நின்ற காட்டுக்குள் நுழைந்த மாதிரி. ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்கத் தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றம். அப்பா சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் அலசுகிறவர். அவர் வீட்டுக்குள் வந்தால் அந்த நாற்றமும் கூடவே வந்து உட்காரும். அதற்கு நடுவில் இந்த ஈர இலை வாசனை மட்டும் எனக்குப் பிடிக்கும். அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தகட்டை இலைமேல் வைத்து, அதன் அளவுக்குக் கத்தரியால் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

இதை எழுதச் சொன்னது என் பேத்தி ஹரிணி. வாணியம்பாடியில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கல்லூரி மலரில் போட, வீட்டுப் பெரியவர்களின் இளமைக்கால நினைவு ஒன்றை எழுதி வாங்கி வரச் சொன்னார்களாம். "நீ சொல்லு ஆயா, நான் எழுதிக்கறேன்" என்றாள். ஆறாவதோடு நின்ற கைதான், ஆனாலும் நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வந்தால் ஜாஸ்தி.

எங்கள் வீட்டுக்கும் ஜமீலா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஜமீலாவின் அப்பா தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். ஒருமுறை மெட்ராஸுக்குப் போனவர் ஒரு ரேடியோ வாங்கிவந்து ஜன்னல் மேடையில் வைத்தார். சாயந்திரத்தில் இந்திப் பாட்டு வரும். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்தப் பாட்டு ஆரம்பித்தால் என் முதுகுத்தண்டில் யாரோ பூ வைத்து இழுப்பது போல இருக்கும். கத்தரியின் கைப்பிடியால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவேன். சத்தம் ஜாஸ்தி வை என்று அதற்கு அர்த்தம். ஜமீலா எழுந்துபோய் ரேடியோவின் காதைத் திருகுவாள்.

பாட்டு முடிந்ததும் நான் அவள் ஜன்னலுக்கு ஓடுவேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் சொல்லச் சொல்ல, பீடிக்கட்டு லேபிளின் பின்பக்கத்தில் இந்திப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். அவர்கள் வீட்டில் உருது பேசுவதால் அர்த்தமும் அவள்தான் சொல்வாள். "இதுக்கு இன்னா?" என்று கேட்டால், "நெலாவப் பாத்து இன்னாத்துக்கு இவ்ளோ லேட்டுன்னு கேக்கறான்" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போவோம். "நீ வர்றதாலதான் என்ன அனுப்பறாங்க, நீ லீவு போட்டா எனக்கும் லீவு" என்று ஜமீலா அடிக்கடி சொல்வாள். அது வெறும் பேச்சு இல்லை. பெரியதெருவைத் தாண்டித் தனியாக ஒரு பெண்ணை அனுப்பமாட்டார்கள் அவர்கள் வீட்டில்.

ஒருநாள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு வந்தது. இரண்டு தட்டு தட்டினேன், சத்தம் கூடியது. தகட்டை வைத்து வெட்டினால் கை நின்று நின்று போகும், பாட்டோடு சேராது. தகட்டை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் கையாலேயே வெட்ட ஆரம்பித்தேன். பாட்டின் தாளத்துக்குக் கத்தரி தானாகப் போனது. அதற்கப்புறம் இன்னொரு பாட்டு, இன்னொன்று. அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது ஒரு கட்டு இலை முழுவதும் விரல் அகலத்துக்கு வெட்டிக் கிடந்தது. அந்த அகலத்தில் தூள் வைத்துச் சுற்றினால் இலை வெடித்துவிடும். எதற்கும் ஆகாது.

"இன்னாடி இது? மூக்குப்பொடி மடிக்கறதுக்கா வெட்ன?" என்றாள் அம்மா. சத்தமே போடவில்லை. அதனால்தான் பயந்தேன். "யார்டி ஒன் புத்திய இப்டிக் கெடுத்தது?" என்றாள்.

நான் சுவரைக் காட்டினேன். "ஜமீலாதான். தெனம் ரேடியோவ சத்தமா வெச்சி என்னக் கூப்புடறா. வரமாட்டேன்னாலும் வுடமாட்டேங்கறா."

அம்மா போய் அந்த ஜன்னல் முன்னால் நின்று தெருவே கேட்கக் கத்தினாள். "நாங்க வேல செஞ்சாத்தான் சோறு. நீங்க பாட்டு கேப்பீங்க, கேளுங்க. எம் பொண்ண ஏன் கெடுக்கறீங்க?" ஜமீலா கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சுவரைத் தட்டுவது யார் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவள் அம்மா வந்து ஜன்னலைச் சாத்தினாள்.

ரேடியோ உள் அறைக்குப் போனது. மறுநாளிலிருந்து என்னோடு அவளை அனுப்பவில்லை. துணை இல்லாததால் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. என் அம்மாவும், படித்துக் கிழித்தது போதும் என்று அந்த வருஷத்தோடு என்னை நிறுத்திவிட்டாள். என் படிப்பு போனதற்கு எனக்கு வருத்தம் இல்லை, நான் சுமாராகத்தான் படிப்பேன். கணக்கில் வகுப்பிலேயே முதலாக வருகிறவள் ஜமீலா. பதினாறு வயதில் அவளைப் பேரணாம்பட்டில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுக்கும் பிரியாணி வந்தது. அம்மாகூட வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் ஹரிணியின் கல்லூரி மலருக்குப் போதும். பன்னிரண்டு வயதில் செய்ததற்கு இன்று யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் போன மாதம் அதையே இன்னொரு தடவை செய்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இல்லை.

ஹரிணிக்குக் கொரியா நாட்டுப் பாட்டு, கொரியா நாட்டு சீரியல் என்றால் உயிர். நீளநோட்டு ஒன்றில் அந்தப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருக்கிறாள். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குப் பீடிக்கட்டு லேபிள்தான் ஞாபகம் வந்தது, அவளிடம் சொல்லவில்லை. மத்தியானம் கல்லூரி விட்டு வந்ததும் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, என்னோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பாள். நான் முப்பது வருஷமாக வீட்டில் இருந்தபடி ஷூ தைக்கிறேன். ஏஜெண்ட் கொண்டுவந்து போடும் ஷூவின் மேல்பாகத்தை, "அப்பர்" என்று சொல்வோம், தடித்த ஊசியால் கையில் தைத்துக் கொடுக்க வேண்டும். தைத்துக்கொண்டே நானும் பார்ப்பேன். அவள் அர்த்தம் சொல்வாள். அந்த ஊரிலும் வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறார்கள். கழற்றும்போது குனிந்து பார்ப்பேன், நம் ஆம்பூர்த் தையலா என்று. "ஆயா, அவன் மூஞ்சியப் பாரு, காலப் பாக்காத" என்று சிரிப்பாள். அவளைவிட எனக்குத்தான் பைத்தியம் ஜாஸ்தி. அவள் பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட, "அந்தப் பொண்ணு அம்மாவோட சேந்துடுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லிட்டுப் படி" என்று நச்சரித்திருக்கிறேன்.

வேலூரில் ஒரு கல்லூரியில் கொரியாப் பாட்டுக்கு ஆடும் போட்டி வந்தது. ஹரிணியும் அவளோடு படிக்கும் ஷெரினும் பெயர் கொடுத்தார்கள். அதே நாளில் கல்லூரியில் ஒரு டெஸ்ட். "போலாமா ஆயா?" என்று கேட்டாள். போ என்று சொன்னது நான். "உங்கப்பன் கேட்டா நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதும் நான். ஏஜெண்ட் வேண்டாம் என்று விட்டுப்போன வெள்ளித் தோல் துண்டுகளைச் சேர்த்து, இரண்டு பேருக்கும் இடுப்பு பெல்ட் தைத்துக் கொடுத்தேன். கடையில் வாங்கினாலும் அப்படி ஒரு பெல்ட் கிடைக்காது. இரண்டாவது பரிசு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆடியதை யாரோ போனில் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி ஷூ பேக்டரியில் என் மகன், ஹரிணியின் அப்பா முருகேசன் கைக்கே வந்துவிட்டது. அவன் கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். டீ நேரத்தில் அவனுக்குக் கீழே வேலை செய்கிற பையன் ஒருவன் போனை நீட்டி, "சார், இது நம்ம பாப்பாதானே?" என்று கேட்டானாம். சாயந்திரம் வந்தவன் ஹரிணியின் பையைக் கவிழ்த்தான். பெல்ட் விழுந்தது.

"டெஸ்ட்டு அன்னைக்கி யார்டி ஒன்ன வேலூருக்கு இட்டுனு போனது? அந்த ஷெரினா?"

"இல்லப்பா. அவ வரமாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் இட்டுனு போனேன்."

"இது ஏது?"

"நானே தச்சேன்."

"ஊசில நூல் கோக்கத் தெரியுமாடி ஒனக்கு?"

அவன் பெல்ட்டைத் திருப்பி, தையல் முடிகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். கடைசித் தையலில் இரண்டு எட்டு பின்னால் போய் உள்பக்கம் முடிச்சுப் போடுவது என் பழக்கம். இந்த ஏரியாவில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. சின்னப் பையனாக இருந்தபோது நான் தைத்த கட்டுகளை சைக்கிளில் வைத்து ஏஜெண்டிடம் கொண்டுபோனவன் இவன். "எங்கம்மா முடிச்சு அவுறாது" என்று அங்கே பெருமையடித்துக்கொண்டு வருவான்.

"ம்மா, ஒனக்கு எதுனா தெரியுமா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது கோபமாக இல்லை. நான் சொல்வதற்கு இடம் விட்டுத்தான் கேட்டான். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "எனக்கு இன்னா தெரியும்? நான் பாட்டுக்கு என் வேலயப் பாத்துனு கீறேன். இந்தக் காலத்துப் பொண்ணுங்க யார் பேச்சக் கேக்குதுங்க?"

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் பார்வையை எடுத்துக்கொண்டான். என் பிள்ளை என்னைப் பார்க்கக் கூசியது அன்றைக்குத்தான். பெல்ட்டைத் தூக்கி எறியவில்லை, தோல் வேலை செய்கிறவன் தோலை எறியமாட்டான். சுருட்டி டிவி மேல் வைத்தான். ஹரிணியிடம், "பரீட்ச வரைக்கும் போ. அதோட காலேஜ் போதும். பேக்டரில ஆள் எடுக்கறாங்க" என்றான். ஷெரினைப் பற்றி அதற்கப்புறம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஷெரின் இன்னும் கல்லூரிக்குப் போகிறாள், ஹரிணி பழியை ஏற்றுக்கொண்டதால்.

மறுநாள் ஹரிணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்தாள். போன் அவள் அப்பாவிடம் இருந்தது. அந்தச் செம்பு மட்டும் சும்மா இருந்தது. "பயந்துட்டியா ஆயா? வுடு. அப்பா கோவம் ரெண்டு நாளைக்கிதான்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பத்தொன்பது வயதுப் பெண் தன் தோழியைக் காட்டிக்கொடுக்கவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஐந்து பேரை வளர்த்த நான் வாய் திறக்கவில்லை. அவன் கோபம் இரண்டு நாளில் போகவும் இல்லை. ஒரு மாதம் ஆகிறது. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

எங்கள் பழைய தெருவுக்குப் போன வாரம் போய்ப் பார்த்தேன், எழுதுவதற்கு ஏதாவது ஞாபகம் வருமென்று. இரண்டு வீட்டையும் இடித்து ஷூ பெட்டி வைக்கிற குடோன் ஒன்று கட்டியிருக்கிறார்கள். நடுச்சுவர் இல்லை, ஜன்னல் இல்லை. பீடி சுற்றுகிறவர்களும் அந்தத் தெருவில் யாரும் இல்லை. லேபிள்களில் எழுதிய பாட்டெல்லாம் எந்த அடுப்பில் போனதோ. ஜமீலா இருக்கிறாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. பேரணாம்பட்டு பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இத்தனை வருஷத்தில் நான் போகவில்லை.

ஹரிணி, இதில் தப்பாக எழுதியிருக்கும் எழுத்தைத் திருத்திக்கொள். வேறு எதையும் திருத்தாதே. கல்லூரிக்குக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒருமுறை படித்துக் காட்டு. இன்று ஞாயிற்றுக்கிழமை, உங்கப்பன் கூடத்தில்தான் உட்கார்ந்து பேப்பர் பார்க்கிறான். உள்ளே வேண்டாம், அங்கேயே வந்து நின்று படி. பெல்ட் வருகிற இடத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைக் கம்மி பண்ணாதே. சத்தம் ஜாஸ்தி வைத்துப் படி.