சிங்கவரத்து அபெய்ரோன்

போன வாரம் செஞ்சி கடைத்தெருவில் ரேஷன் க்யூ. வால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. எனக்கு முன்னால் நின்ற நண்பர் — ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் — திரும்பிப் பார்த்துவிட்டு, "அபெய்ரோன்!" என்றார்.

நான் விழித்தேன்.

"கிரேக்க வார்த்தை சார். பெராஸ்னா எல்லை. முன்னாடி ஒரு 'அ' போட்டா எல்லையில்லாதது. இன்ஃபினிட்டி! எல்லாமே அதுலேருந்துதான் வந்துது, அதுக்குள்ளயே போயிடும்னு அந்த ஊர் ஞானி ஒருத்தர் சொன்னாராம். பின்னாடி வந்தவங்களுக்கு அதைக் கண்டாலே பயம்."

எல்லை இல்லையென்றால் சந்தோஷம்தானே, பயப்பட என்ன இருக்கிறது? அப்படித்தான் நினைத்தேன்... மறுநாள் சிங்கவரத்துக்குப் போகும்வரை.

அங்கே எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இறந்துவிட்டார். இரண்டு மகன்கள். உயிரோடு இருக்கும்போதே கழனியைச் சரிபாதியாகப் பிரித்து, நடுவில் வரப்புப் போட்டுக் கொடுத்தவர். சுடுகாட்டுக்கு அதுதான் வழி. இரண்டு பேர் ஜோடியாக நடக்கலாம், அவ்வளவு அகலம்.

நடக்கலாம் என்றா சொன்னேன்? அது ஒரு காலம்!

பாடை வரப்புக்கு வந்ததும் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். வரப்பையே காணோம்! அரைஞாண் கயிறு மாதிரி ஏதோ நெளிந்து கிடந்தது. வருஷா வருஷம் வரப்பைச் செதுக்கும் சாக்கில் அண்ணன் இந்தப் பக்கம் ஒரு கொத்து, தம்பி அந்தப் பக்கம் ஒரு கொத்து. ஒரு கொத்துதானே! இரண்டு பக்கமும் கதிர் முற்றிய நெல். தூக்கிய பாடையை நினைத்த இடத்தில் இறக்கவும் கூடாது.

கொள்ளிச்சட்டியோடு நின்ற அண்ணன் சொன்னான்: "தம்பி கழனியில எறங்கிப் போங்க."

"ஏன், உன் பக்கத்துக்கு இன்னா? அறுக்கப்போற நேரத்துல என் பயிரை மிதிக்கணுமா?"

"நீதான வரப்பை வெட்டித் தின்ன!"

"நீ இன்னா, வேடிக்கை பாத்துனு இருந்தியா?"

உச்சி வெயில். தோள் கொடுத்தவர்களுக்கு வியர்வை கொட்டுகிறது. தலைக்கு மேலே பெற்ற தகப்பன், கீழே இந்தச் சண்டை! கிரேக்கர்களின் பயம் அப்போதுதான் புரிந்தது. எல்லையற்றதைத் தேடி வானத்தை ஏன் பார்க்க வேண்டும்? 'இன்னும் கொஞ்சம்' என்பதற்கு எங்கே முடிவு இருக்கிறது?

கடைசியில் தோள் கொடுத்தவர்களே ஒரு வழி செய்தார்கள். இடது பக்கத்தார் அண்ணன் கழனியில் இறங்கினார்கள், வலது பக்கத்தார் தம்பி கழனியில். இரண்டு பயிரும் மிதிபட, நட்டநடுவே போய்ச் சேர்ந்தார் பெரியவர்.

கொள்ளி வைக்கும்போது பிள்ளைகள் இருவரும் கதறித் தீர்த்தார்கள். சரி, இனி திருந்திவிடுவார்கள் என்று நம்பினேன். என்னைச் சொல்ல வேண்டும்! திரும்பி வரும்போது ஈர வேட்டியோடு கழனியில் நின்று இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், நீங்களே சொல்லுங்க... யாருக்கு ஜாஸ்தி போச்சு?" என்றான் அண்ணன்.

"உங்க நைனா போயிட்டாருப்பா" என்றேன்.

"அது சரி சார்... பயிரைச் சொல்லுங்க!" என்றார்கள் இருவரும் — ஒரே குரலில்.