நானூற்றுப் பதினேழுக்கு எழுதிய நற்சான்று

எங்கள் அக்கா புருஷன் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் நாய்களைப் பராமரித்தார். வெளியே யாராவது கேட்டால் "கம்பெனியில வேலை" என்பார். மேலே கிண்டினால் பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு அங்கே குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

குட்டிகள் வந்ததும் காதில் வரிசை எண்ணைப் பச்சை குத்துவார்கள். பிறகு மூன்று மாதம் மாமாவிடம் இருக்கும். மேசைமேல் நிறுத்தி முன்னங்காலை நீட்டப் பழக்குவார். நீட்டினால் ஒரு பிஸ்கட். ஊசி போடும்போது திமிறுகிற நாயை வாயைக் கட்டி, வாரால் பிணைப்பார்கள். அந்தக் கொடுமை வேண்டாமென்றுதான் இவ்வளவு பாடு. பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு நாள் பாடம் சொல்லிக் கொடுத்தவரில்லை. "நம்ம பிள்ளைங்க காதுலயும் நம்பர் குத்தியிருந்தா கவனிச்சிருப்பீங்க" என்று அக்கா குத்திக் காட்டுவாள்.

நானூற்றுப் பதினேழு ஒரு பெட்டை. இரண்டு வருடச் சோதனையில் தப்பிப் பிழைத்தது. சோதனை முடிந்த சாதுவான நாய்களை வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று அந்த வருடம்தான் விதி வந்தது. மாமா மனுப் போட்டார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே பின்வாசலில் பழைய போர்வையை விரித்து வைத்தாள்.

மனுவோடு நாயின் குணத்தையும் எழுதித்தர வேண்டும். அவர் சொல்ல நான் எழுதினேன். "ஊசி போட்டா அசையாது. வலிச்சாலும் கடிக்காது. என்ன செஞ்சாலும் பொறுத்துக்கும்னு எழுதுடா." காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்தது நாங்கள், கெட்டது அது.

மனு, சோதனைகளை அனுமதிக்கும் ஐந்து பேர் குழுவுக்குப் போனது; குறிப்பெழுத நானும் இருந்தேன். தலைமை மருத்துவர் படித்துவிட்டுச் சந்தோஷமாக நிமிர்ந்தார். "இவ்வளவு அடக்கமான நாயை வெளிய அனுப்பறதா? அடுத்த சோதனைக்கு இதைவிடத் தோதா எது கிடைக்கும்?"

மாமா எழுந்தார். "வாழ அதுக்கு உரிமை இல்லீங்களா ஐயா?" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை.

குழுவிலிருந்த வக்கீல் அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "உரிமைன்னா வேணாம்னு சொல்லத் தெரியணும்ங்க. இது ஒரு தடவைகூட மறுக்கலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

"வரும்போது தெரிஞ்சுதும்மா. முதல் வாரம் என் கட்டைவிரலைக் கிழிச்சிருச்சு. நான்தான் பிஸ்கட்டைக் காட்டி மறக்கடிச்சேன்."

தலைமை மருத்துவர் கோப்பை மூடினார். 'மனு நிராகரிக்கப்பட்டது' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். அதுவும் என் கையெழுத்துதான். அடுத்த சோதனையின் ஐந்தாம் வாரத்தில் அது செத்தது. அக்கா போர்வையைச் சத்தமில்லாமல் மடித்து வைத்தாள்.

மறுமாதம் புதுக் குட்டிகள் வந்தன. மாமா தீனி வைத்தார், தண்ணீர் வைத்தார். ஒன்றைக்கூட மேசைமேல் ஏற்றவில்லை. அவை கண்டவரையெல்லாம் கடித்தன. வாயைக் கட்டினார்கள், வாரால் பிணைத்தார்கள். கட்டிய வாயையும் மீறி மூன்று சுவர் தாண்டி என் மேசைவரை முனகல் வந்தது. மாமாவைக் கூண்டு கழுவுகிற வேலைக்கு இறக்கிவிட்டார்கள்.

"நீங்க பழக்கியிருந்தா இவ்வளவு வதை இருக்காதே மாமா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"தெரியும்டா." கையிலிருந்த குழாயை நிறுத்தினார், அழுதுகொண்டிருந்தார். "பழக்கினாலும் பாவம், பழக்காட்டியும் பாவம். ஆனா இப்ப அதுங்க வேணாம்னு சொல்லுதுங்க. உனக்கும் கேக்குதில்ல?"

கேட்டது. மறுநாளும் வேலைக்குப் போனேன்.