படத்தின் ஓரத்தில் அந்தோணி அண்ணன்

அன்று காலை வாடிக்கையாளர் ஒருவருக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி போனை வைத்துவிட்டு, "அந்தோணி போயிட்டான்லா" என்றார். எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு.

ஜார்ஜ்டவுனில் எங்கள் கடைக்குக் காரைக் கொண்டுவந்த எல்லோருக்கும் அண்ணனைத் தெரியும். பாகான் டாலாமிலிருந்து மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி வருவார். வெயிலில் வெடித்து நிறம் போன தோல் சீட்டுகளைத் தேய்த்து, வெடிப்பை அடைத்து, மறுபடி நிறமேற்றுவது அவர் வேலை. அதைப் படமெடுத்துக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவது என் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அது தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நான் "கிராஜுவேட்டு".

ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் பழைய காரைக் கொண்டுவந்தார். ஓட்டுநர் சீட்டுக்கு மட்டும், கார் வாங்கியபோது இருந்த அதே நிறம் வேண்டும் என்றார். அண்ணன் அந்த நிறத்தைக் கலந்து, சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டு தடவிக் காயவிட்டுக் காட்டினார்.

"டீச்சர், இத அடிச்சா பின்னாடி சீட்டு கோவிச்சுக்கும். அது வெயில்ல கறுத்துப்போய் நிக்குது, இது மட்டும் பவுடர் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கும்."

டீச்சர் சிரித்துவிட்டார். அண்ணன் கொஞ்சம் பழுப்பு சேர்த்தார். வேலை முடிந்தபோது எந்தச் சீட்டுக்கு நிறமேற்றியது என்று டீச்சருக்கே தெரியவில்லை.

எனக்கு யாரிடமும் அதிகம் பேச வராது. அண்ணனிடம் நான் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க."

"சீட்டுக்குத்தான் மவுசு. நமக்கென்னலா" என்று நகர்வார். சில நாள், "படத்துல தொப்பை விழுந்துருச்சா கிராஜுவேட்டு?" என்பார். விழுந்திருந்தால் வெட்டிவிடுவேன். அவர் கை, தோள் எதுவும் படத்தில் இருக்காது. முதலாளி அப்படிச் செய்யச் சொன்னதில்லை. சாயம் படிந்த சட்டை படத்தைக் கெடுக்கும் என்று நான்தான் நினைத்தேன். என் அப்பாவும் ஜுருவிலுள்ள தொழிற்சாலையிலிருந்து அப்படியொரு சட்டையில்தான் வீடு திரும்புவார்.

துக்க வீட்டில் அண்ணனின் மனைவி ரீத்தா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானேம்மா தினமும் படம் எடுக்கிற பிள்ளை? அவரு சிரிச்ச மாதிரி ஒண்ணு குடும்மா. இங்க கல்யாணப் படமும் ஐ.சி. கார்டு படமும்தான் இருக்கு. ஐ.சி.யில போலீஸ்காரன் பிடிச்ச மாதிரி முழிக்கிறாரு."

இருக்கும் அக்கா, தேடித் தருகிறேன் என்றேன். இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். சீட்டு, சீட்டு, சீட்டு. எத்தனை பேருடைய சீட்டுகள்! அவற்றில் உட்கார்ந்தவர்களையெல்லாம் நினைத்துக்கொள்ள முடிந்தது. அவற்றைச் சரிசெய்தவர் எங்குமே இல்லை. பிறகுதான், வெட்டிய படத்தின் முழு வடிவத்தைப் போன் அழிப்பதில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒன்றைப் பழையபடி ஆக்கினேன். ஒரு முழங்கை வந்தது. அடுத்ததில் தோள். அதற்கடுத்ததில் முதுகு. பல படங்களுக்குப் பிறகு, சாயம் படாமலிருக்க ஒட்டும் டேப்பின் நுனியை வாயில் கவ்வியபடி, கண் சுருங்க என்னைப் பார்த்துச் சிரிக்கும் முகம்.

அக்கா அதைப் பார்த்ததும் போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "இதான். இப்படித்தான் சிரிப்பாரு." நினைவஞ்சலி அட்டையில் அந்தப் படத்தைத்தான் அச்சடித்தார்கள். வந்தவர்களெல்லாம் நல்ல படம் என்றார்கள். அக்கா எனக்கு நன்றிகூடச் சொன்னார்.

அண்ணன் ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மற்ற படங்களையும் முழுதாக மீட்டு வைத்திருக்கிறேன். அண்ணனிடமிருந்து எனக்கென்று இருப்பவை அவைதான். ஒன்றில்கூட அவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. எல்லாவற்றிலும், நான் கேட்டுக்கொண்டபடி, விலகிப் போய்க்கொண்டிருக்கிறார்.