கொட்டிவிட்ட மழை

ரெஜினா டீச்சர் இறந்த செய்தி, சேலத்திலிருந்து நான் பஸ்ஸில் மலையேறிக்கொண்டிருந்தபோது வந்தது. அழைத்தவள் எங்கள் பழைய மாணவி பவித்ரா. “டீச்சர் காலைல தவறிட்டாங்க சார். உங்ககிட்ட நானே சொல்லோணும்னு தோணுச்சுங்க” என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் துக்கத்துக்கு முன்னால் எனக்கு வெட்கம்தான் வந்தது. அதன் காரணம், ஏற்காட்டுப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த உங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

அவர் அறிவியல் ஆசிரியை, நான் கணக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்புக்கு அவர் ஆரம்பித்த காப்பிப்பூ வேலை உங்களுக்கு நினைவிருக்கும். கோடையின் முதல் நல்ல மழை பெய்து ஒன்பது பத்து நாளில் காப்பிச் செடிகள் பூத்துவிடும். பிள்ளைகள் தங்கள் ஊர் மழையை அளந்து, பூக்கும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாட்டிலை வெட்டி மழைமானி செய்தது அறிவியல். வரைபடம் போட்டது கணக்கு. மலையையும் ஊர்களையும் வரைந்தது சமூக அறிவியல். மழையைப் பற்றி வீட்டில் சொல்வதைக் கேட்டு எழுதியது தமிழ். “நாலு வாத்தியாருங்க சேந்து ஒரு பாட்டிலப் பாக்கறோம், வெளிய சொல்லிராதீங்க” என்று டீச்சரே கிண்டலடிப்பார்.

மாரமங்கலத்துப் பெண் ஒருத்தி காய்ச்சலில் இரண்டு நாள் அளக்காமல், தோன்றிய எண்ணைப் போட்டுக்கொண்டு வந்தாள். டீச்சர் திட்டவில்லை. “பாக்கலீன்னா பாக்கலீன்னு எழுது கண்ணு. அதுக்குத்தான் ஓரத்துல குறிப்புக் கட்டம் உட்டிருக்குது” என்றார். நானும் பக்கத்தில் நின்று பெரிதாகத் தலையாட்டினேன்.

பவித்ரா ஒன்பதாம் வகுப்பில் இருந்த ஆண்டு, பங்குனியில் நான்கு நாள் விடுமுறை வந்தது. பள்ளியின் மழைமானியை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். சொன்ன வாயோடு சேலத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டேன். பள்ளி திறந்த அன்று காலையில் வந்து பார்த்தபோது பாட்டிலில் தண்ணீர் நின்றது. எந்த நாள் மழை என்று தெரியவில்லை. யாரும் இல்லையென்று பார்த்து அதைக் கொட்டிவிட்டு, பள்ளிக் குறிப்பேட்டில் நான்கு நாளுக்கும் சுழியம் எழுதினேன்.

அந்த ஆண்டு அறிவியல் கண்காட்சியில் நடுவர் கேட்டார்: தலைச்சோலையில் அவ்வளவு மழை, பள்ளியில் சுழியம்; ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் பூ எப்படி? தலைச்சோலை பவித்ராவின் ஊர்; அந்தக் கணக்கும் அவளுடையது. தினமும் பஸ்ஸுக்கு முன்னால் அளந்துவிட்டு வருகிற பிள்ளை. நான் முந்திக்கொண்டு, “குழந்தை கவனக்குறைவாக எழுதியிருப்பாள்” என்றேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

“இல்லீங்க, அந்தப் புள்ள எழுதுனது சரிங்க. ஸ்கூல் பாட்டில நாந்தான் பாக்காம உட்டுட்டேன்” என்றார் டீச்சர். தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டார். அடுத்த ஆண்டு அந்த வேலையே நடக்கவில்லை. “பொறுப்பில்லாத டீச்சர்” என்று ஆசிரியர் அறையில் நீங்கள் பேசியபோது நான் விடைத்தாள் திருத்துவதுபோல் குனிந்திருந்தேன். டீச்சர் என்னிடம் ஒருமுறைதான் கேட்டார்: “ஏனுங்க சார், பாக்கலீன்னு எழுதியிருந்தா என்னங்க ஆயிருக்கும்?” நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அவர் ஓய்வு பெற்ற நாளில் அந்தக் குறிப்பேட்டை என் மேசையில் வைத்து, “நீங்களே வெச்சுக்கங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்து வாசலில் பவித்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதிரவில்லை.

“தெரியுமுங்க சார். நீங்க கொட்டுனத அன்னிக்கே பாத்தேன். டீச்சர்கிட்டச் சொன்னேனுங்க. ‘சாரே ஒருநாள் சொல்லுவாரு சாமி, அதுவரைக்கும் நீ யாருகிட்டயும் சொல்லாத’ன்னாங்க.”

வாசல் கதவைச் சாத்திக்கொண்டே, “நொம்ப நாள் பாத்துட்டு இருந்தாங்க” என்றாள்.

அவர் காத்திருந்தார். நான் அவர் போன பிறகு சொல்கிறேன். இதைவிடக் கேவலம் எனக்கு வேறில்லை. பவித்ராவின் கணக்கு சரி, டீச்சர் எதையும் பார்க்காமல் விடவில்லை என்பதை நீங்கள் எல்லாரும் அறியவே இதை எழுதுகிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் குறிப்பேடு. நான்கு சுழியங்களையும் அவர் அடிக்கவில்லை, திருத்தவில்லை. பக்கத்துக் குறிப்புக் கட்டத்தை எனக்காகக் காலியாகவே விட்டிருந்தார். நேற்று அதில் எழுதினேன்: “பார்க்கவில்லை. மழை பெய்திருந்தது.”