பேசாத சாமி

செனாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் தீப்பயிற்சிக்கு மணி அடித்தபோது விழுந்தேன். கண் விழித்ததும் மேற்பார்வையாளர், "அலமாக், ஐயோ, சாப்பிடாம வந்தியா?" என்று ஒரு கோப்பை மைலோ பானத்தை நீட்டினார்.

மருத்துவமனையில் ஈசிஜியைப் பார்த்த மலாய் டாக்டரம்மா அதோடு சிரிப்பை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு என் இதயம் அடுத்ததற்குத் தயாராக அதிக நேரம் எடுக்கிறதாம். திடீர்ச் சத்தம் கேட்டால் துடிப்பு தாறுமாறாகி நின்றும் போகலாமாம். இது குடும்பத்தில் வருவது.

"வீட்டில் வேறு யாராவது மயங்கி விழுந்ததுண்டா?" என்று மலாயில் கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். உடன் வந்திருந்த அம்மாவிடம் தமிழில் கேட்டேன்.

"மயக்கமா? நம்ம வீட்ல யாருக்கும் இல்லப்பா. சொல்லிடு."

சொல்லிவிட்டேன்.

அலாரம் வைக்காதே, பட்டாசு, மேளம் பக்கம் போகாதே என்று டாக்டர் அடுக்கிக்கொண்டே போனார். மேளம் என்றதும் எனக்குத் தங்கை நினைவு வந்தது.

எங்கள் ஊரான சாஆவில், கோயில் திருவிழாவில் உறுமி மேளம் எழுந்ததும் தங்கை சாய்ந்துவிடுவாள். அதை யாரும் மயக்கம் என்று சொன்னதில்லை. திருநீறு பூசி, கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து, காலில் விழுந்து, வாக்குக் கேட்பார்கள். அவள் வாய் திறக்கமாட்டாள். பேசாத சாமி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அன்று மாலைதான் கோயிலில் திருவிழாவுக்கு மேள ஒத்திகை. வெளியே ஓடிவந்து அவளுக்குப் போன் போட்டேன். மணிச் சத்தமே அவளுக்கு ஆகாதே என்று உடனே துண்டித்து, அப்பாவை அழைத்தேன்.

"பாப்பா எங்கப்பா?"

"கோயில்லதான். உறுமி செட் வந்துருச்சு."

"அவள வெளிய கூட்டிட்டு வாங்க. மெதுவா."

"சாமி காரியம்டா, நடுவுல எப்படி..."

"அது சாமி இல்லப்பா. என் நோவுதான் அவளுக்கும்."

போனில் மேளம் முழங்கியது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துச் சத்தம் தேய்ந்தது. "கார்ல உக்கார வச்சிட்டேன்" என்றார்.

மறுநாள் அவளுடைய ஈசிஜியும் என்னுடையதைப் போலவே வந்தது. "அண்ணே விழுந்தா மைலோ, நான் விழுந்தா எலுமிச்சம்பழமா?" என்று சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. "புள்ள சாவக் கெடந்தப்ப நான் கால்ல விழுந்து வரங் கேட்டுக்கிட்டா இருந்தேன்?"

இருவரும் மாத்திரை சாப்பிடுகிறோம். அது போதாவிட்டால் நெஞ்சுக்குள் துடிப்பைச் சரிசெய்யும் கருவி வைக்கவேண்டும் என்கிறார் டாக்டர். நான் விடுப்பில் வீட்டில் இருக்கிறேன். அலாரம் கிடையாது. காலையில் அம்மாதான் எங்கள் கால் பெருவிரலைப் பிடித்து எழுப்புகிறார். நாங்கள் குரல் கொடுக்கும்வரை விரலை விடுவதில்லை.